முப்பத்தொரு பங்குதாரர்கள்

அத்தியாயம் 7

"இதை யாராவது எனக்குக் குடுத்திருந்தா நானும் சட்டம் போட்டுத்தான் மாட்டியிருப்பேன்," என்றான் மாலகி ரூனி. "ஆனா பாருங்க பாஸ், இவர் காகிதத்துக்குச் சட்டம் போட்டார். இப்ப சட்டம் இவரையே மாட்டிடுச்சு."

ஐரா ஃபென்டன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் முழுக்க சோப்பு நுரை. தாடைக்குக் கீழே கத்தி.

கத்தியைப் பிடித்திருந்தவர் அசரையா வான் டைக். ஆல்டர்ஸ் லாக் ஊரின் ஒரே முடிதிருத்துபவர். கால்வாய்க் கரையில் பதினாறு வருஷமாகக் கடை வைத்திருக்கும் கறுப்பர். அவருக்குப் பின்னால் சுவரில் அந்தக் காகிதம் தொங்கியது. மேலே ஒரு நீராவிப் படகு, கீழே ஒரு கோதுமைக் கட்டு, நடுவில் கொழுத்த எழுத்தில் ஆல்டர்ஸ் லாக் பேங்க். இருபது பங்குகள். உரிமையாளர் பெயர் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

1857 நவம்பர் இரண்டு, திங்கட்கிழமை. பேங்க் கதவைச் சாத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதன் நோட்டுகளை மளிகைக் கடைக்காரர் புகையிலை மடிக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டாயிரம் டாலர் கட்டணுமாம் சார்," என்றார் அசரையா. கத்தியைத் துணியில் துடைத்தார். "பங்குக்கு நூறு. ஒரு சவரத்துக்கு நான் வாங்கறது ஆறு சென்ட். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்துமூவாயிரம் தாடை."

"இந்த ஊர்ல அத்தனை தாடை இல்ல," என்றான் மாலகி. "ஆடுகளைச் சேர்த்தாலும் தேறாது."

ஏழு வருஷமாக மாகாணத்தில் அதுதான் சட்டம். பேங்க் மூழ்கினால் பங்கில் போட்ட பணம் போவதோடு முடியாது. பங்கு வைத்திருப்பவர் அதே தொகையை இன்னொரு முறை தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அந்தப் பயம் இருந்தால் பேங்க்கை ஒழுங்காக நடத்துவார்கள் என்று நம்பி மாகாணத் தலைநகர் ஆல்பனியில் எழுதிய சட்டம்.

ஆயிரம் பங்குகளில் அறுநூறு பேங்க்கின் தலைவர் லூசியஸ் தார்ப்புடையவை. அப்படித்தான் ஊரே நினைத்திருந்தது. பேங்க் மூழ்கியபின் பங்கு மாற்றுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் தார்ப்பின் பெயரில் ஐந்தே பங்குகள். மீதி ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்தும் முப்பத்தொரு பேர் தலையில். மாவு ஆலைக் கூலிகள், சலவைக்காரிகள், மதகுக் காவலரின் ஊமைத் தம்பி, பிறகு அசரையா.

அதைத் துருவத்தான், மூழ்கிய பேங்க்கின் கணக்கைத் தீர்க்க வந்த நீதிமன்றப் பொறுப்பாளர் ஃபென்டனை அமர்த்தியிருந்தார். இருபது வருஷம் பேங்க்குகளுக்காகக் கள்ள நோட்டுப் பிடித்தவர் ஃபென்டன். ஒரு நோட்டை முகர்ந்தே அது பிறந்த அச்சகத்தைச் சொல்லிவிடுவார் என்பது அவருடைய உதவியாள் மாலகி ஊர் ஊராகப் பரப்பி வைத்திருந்த பொய்.

ஃபென்டன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி எழுந்தார்.

"இந்தக் காகிதம் உங்க கைக்கு எப்ப வந்தது, மிஸ்டர் வான் டைக்?"

"இந்த ஜூலை. நாலாம் தேதி சுதந்திர விழாவுக்கு முந்தின நாள். மிஸ்டர் தார்ப் சவரத்துக்கு வந்தார். 'அசரையா, பதினாறு வருஷமா என் கழுத்துல கத்தி வைக்கறே, ஒரு கீறல் விழல. இனிமே நீயும் பேங்க்ல பங்காளி'ன்னு சொல்லிக் குடுத்தார். கூடவே அறுபது டாலர், அரை வருஷ லாபம்னு. கையெழுத்து வாங்கிக்கிட்டார். அந்தப் பணத்துலதான் வீட்டுக்குக் கூரை மாத்தினேன்."

"வந்தது இந்த ஜூலை. காகிதத்துல இருக்கற தேதி போன வருஷம் மார்ச் பதினாலு."

"அது ஏன் சார்?"

"ஜூலைல பேங்க் உள்ளுக்குள்ள செத்துப்போச்சு. சாகப்போற பேங்க்கோட பங்கை அடுத்தவன் தலையில கட்டினா கோர்ட் ஒத்துக்காது. பங்கு திரும்பி தார்ப் தலைக்கே போகும். போன வருஷம் மார்ச்ல பேங்க் பாறை மாதிரி இருந்தது. அப்ப குடுத்திருந்தா செல்லும். அதனால ஜூலைல எழுதி, மார்ச்னு தேதி போட்டிருக்கார்."

"அதை எப்படிக் காட்டுவீங்க?"

கேட்டது அசரையாவின் மனைவி டைனா. வெந்நீர்க் கெட்டிலோடு பின்கதவில் நின்றிருந்தார்.

ஃபென்டன் தோல் பையிலிருந்து பங்கு மாற்றுப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"இந்தப் பக்கங்களோட ஓரத்தைப் பாருங்கம்மா. எல்லாம் விரல் பட்டுக் கறுத்திருக்கு. இந்த ஒரு பக்கம் மட்டும் வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒன்றரை வருஷம் பேங்க்ல புழங்கின பக்கம் இப்படி இருக்காது."

"சோப்பு தேவைப்படாத ஒரே பக்கம்," என்றான் மாலகி.

"ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல சாட்சி கையெழுத்து இருக்கு. ஈனோஸ் க்ரம், பேங்க்கோட பழைய கணக்கர். அந்த ஆள் ஹோலண்ட் பேசின்ங்கற ஊர்ல இருக்கறதா கேள்வி. எப்ப கையெழுத்துப் போட்டார்னு அவர் வாயால வந்துட்டா போதும். வியாழக்கிழமை கோர்ட்ல கதை முடிஞ்சிடும்."

டைனா கெட்டிலைக் கீழே வைத்தார்.

"நிச்சயமா சொல்றீங்களா சார்? வெறும் ஆறுதலுக்குச் சொல்ல வேண்டாம்."

"நிச்சயமா," என்றார் ஃபென்டன்.

அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

*

படகுத் துறையில் லூசியஸ் தார்ப் நின்றிருந்தார். நீர்நாய்த் தோல் கழுத்துப்பட்டை, வெள்ளிப் பிடி போட்ட கைத்தடி, நன்றாகச் சாப்பிட்டு எழுந்த முகம். பேங்க்கைப் பறிகொடுத்தவர் போல இல்லை.

"ஹோலண்ட் பேசினுக்கா, மிஸ்டர் ஃபென்டன்?"

"ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கே."

"சின்ன ஊர். ஈனோஸைப் பார்த்தா நான் விசாரிச்சதாச் சொல்லுங்க. நல்ல மனுஷன். பொய் சொல்லத் தெரியாது." தொப்பியை லேசாகத் தூக்கிவிட்டு நடந்தார்.

மாலகி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாஸ், இருபது வருஷத்துல எத்தனை திருடங்க உங்களுக்கு வழி சொல்லி அனுப்பியிருக்காங்க?"

"இவர்தான் முதல் ஆள்."

"எனக்கு இது பிடிக்கல. கேட்டிருந்தா படகுக் கூலியையும் அவரே குடுத்திருப்பார்."

சரக்குப் படகின் கூரை மேல் உட்கார்ந்து போனார்கள். கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகை இழுத்தன. தண்ணீரின் ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி கட்டியிருந்தது. இன்னும் சில வாரங்களில் கால்வாயை மூடிவிடுவார்கள். தாழ்ந்த பாலம் வரும்போதெல்லாம் இருவரும் மல்லாந்து படுத்தார்கள்.

"எங்கப்பா தோண்டின கால்வாய் இது," என்றான் மாலகி. "ஒரு நாளைக்கு அரை டாலரும் நாலு மடக்கு விஸ்கியும். கடைசில இதுலயே விழுந்து செத்தார். குடுத்த கூலியைக் கால்வாய் திருப்பி எடுத்துக்கிட்ட மாதிரி."

ஃபென்டன் ஒரு கடிதக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேங்க்கில் கடன் கேட்டவர்களுக்கு தார்ப் எழுதிய பதில்களின் நகல்கள்.

"இதைக் கேளு. 1855 அக்டோபர். ஒரு விவசாயி எண்பது டாலர் கேட்கறான். தார்ப் எழுதறார்: 'உங்கள் இரண்டு பசுக்கள் போதா. மூன்றாவது பசு ஒன்று இருப்பதாக அறிகிறேன். அதையும் ஈடாக எழுதவும்.'"

"பசுவை விசாரிச்சிருக்காரா?"

"கன்னுக்குட்டியையும் விசாரிச்சிருக்கார். அவ்வளவு பயந்தவர். இப்ப இது, 1856 ஏப்ரல். அயோவாவுல ஒரு ரயில் கம்பெனி நாற்பதாயிரம் கேட்கறாங்க. பதில் ரெண்டே வரி. 'பணம் தயார். ஆள் அனுப்புங்கள்.' அந்த ரயில் பாதை எங்கே போகுதுன்னுகூடக் கேட்கல."

"எங்கே போகுது?"

"எங்கேயும் போகல. இன்னும் தண்டவாளமே போடல."

"பசுவுக்குப் பயந்த மனுஷனுக்கு ரயிலைக் கண்டா பயமில்லை. பேராசை பாஸ்."

"ம்," என்றார் ஃபென்டன். ஆனால் அந்த இரண்டு கடிதங்களையும் கட்டுக்குள் திருப்பி வைக்கவில்லை. அவை மடியிலேயே கிடந்தன.

*

ஈனோஸ் க்ரம் பலகைச் சாலையின் சுங்கக் குடிசையில் இருந்தார். அறுபது வயது, உலர்ந்த மனிதர். வண்டி வந்தால் கம்பத்தைத் தோளால் முட்டித் தூக்குவார். வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

"நடந்து வந்தா காசு கிடையாது," என்றார். "உள்ளே வாங்க. ஆப்பிள் சாறு இருக்கு. கொஞ்சம் புளிச்சிருக்கும்."

இடது கையால் ஊற்றினார். பாதி மேஜையில் சிந்தியது. ஃபென்டன் புத்தகத்தை விரித்து ஈரம் படாமல் நகர்த்தி வைத்தார்.

"இந்த முப்பத்தொரு சாட்சிக் கையெழுத்தும் உங்களுதா, மிஸ்டர் க்ரம்?"

குனிந்து பார்த்தார் க்ரம். ரொம்ப நேரம் பார்த்தார். இறந்துபோன ஒருவரின் படத்தைப் பார்ப்பது போல இருந்தது.

"என்னுதுதான்."

"எப்ப போட்டீங்க?"

"தேதி அதுலயே இருக்கே. மார்ச் பதினாலு."

"தேதி போடறதுக்கு தார்ப் எவ்வளவு குடுத்தார்?" என்றான் மாலகி.

"வருஷத்துக்கு ஐம்பது டாலர் குடுத்தார். அது தேதிக்கு இல்ல தம்பி."

வலது கையை எடுத்து மேஜை மேல் வைத்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. நடுவில் மூன்று விரல்களின் இடத்தில் பளபளப்பான தழும்பு.

வெளியே ஒரு வண்டிக்காரன் கம்பத்தைத் தட்டிக் கூப்பிட்டான். யாரும் எழவில்லை.

"போன வருஷம் ஏப்ரல் ரெண்டு," என்றார் க்ரம். "பேங்க்குக்குப் புது இரும்புப் பெட்டகம் வந்து இறங்கிச்சு. ஆறு ஆள் சேர்ந்து கதவைப் பொருத்தினாங்க. கயிறு நழுவிடுச்சு. ஊரே வேடிக்கை பார்த்தது. டாக்டரோட குறிப்புல தேதி இருக்கும்."

ஃபென்டன் புத்தகத்தை அருகில் இழுத்தார். க்ரம் என்ற பெயரின் முதல் எழுத்து கீழே வளைந்து, முழுப் பெயரையும் ஒரு சுற்றுச் சுற்றி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிந்தது. முப்பத்தொரு தடவையும் ஒரே வளைவு. நோட்டு அச்சடிக்கும் தகட்டில் செதுக்கியது போன்ற கை. இருபது வருஷம் போலிக் கையெழுத்துகளிலேயே கண்ணைக் கெடுத்துக்கொண்டவருக்கு அது அசல் என்று தெரிந்தது. வேறு யார் கையாலும் அது வராது.

"ஏப்ரல் ரெண்டுக்கு அப்புறம்," என்றார் மெதுவாக, "இந்தக் கையெழுத்து உலகத்துல இல்ல."

"இல்ல. இப்ப இடது கையால போடறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"அந்தப் பக்கம் ஏன் அழுக்காகவே இல்ல?" என்று கேட்டான் மாலகி. கடைசிக் கயிற்றைப் பிடிப்பவன் குரல்.

"அன்னைக்கே புத்தகத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டார். அப்புறம் அதை யாரு தொட்டா?"

க்ரம் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். அன்று தார்ப் ஜன்னல் ஓரம் நின்று பெயர்களைச் சொன்னாராம், க்ரம் எழுதினாராம்.

"ஏன் சார் இந்தப் பேருங்கன்னு கேட்டேன். 'கடனை வசூலிக்க ஷெரீஃப் போய் நின்னா எடுக்கறதுக்கு எதுவும் இல்லாதவங்க வேணும் ஈனோஸ்'னார். எனக்குப் புரியல. பேங்க் நல்லா இருந்தது. ஒரு வாராக்கடன் கிடையாது. அசரையா பேர் வந்ததும், 'சார், அவருக்கு வீடு இருக்கே'ன்னேன். 'அந்தக் குடிசையா? அதெல்லாம் வீட்டுல சேர்த்தியா?'ன்னுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டார். எழுதி முடிச்சதும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். மறுநாள் காலைல விசில் அடிச்சுக்கிட்டே பேங்க்குக்கு வந்தார். பதினோரு வருஷம் அவர்கிட்ட வேலை பார்த்திருக்கேன். அவர் விசில் அடிச்சு அன்னைக்குத்தான் கேட்டேன்."

ஃபென்டன் சட்டைப் பையிலிருந்து இரண்டு கடிதங்களையும் எடுத்தார். பசுவை ஒரு பக்கம் வைத்தார். ரயிலை ஒரு பக்கம் வைத்தார். நடுவில் புத்தகம்.

"மாலகி, நான் தலைகீழாப் பார்த்துட்டேன். பேங்க் முழுகப்போகுதுன்னு தெரிஞ்சு பங்கைத் தள்ளிட்டான்னு நெனச்சேன். அப்படி இல்ல. பங்கைத் தள்ளினதாலதான் பேங்க் முழுகிச்சு."

"புரியற மாதிரி சொல்லுங்க பாஸ்."

"அறுநூறு பங்கு. பேங்க் முழுகினா அறுபதாயிரம் டாலர் கைக்காசுலேருந்து கட்டணும். அந்தப் பயத்துலதான் மூணாவது பசுவைக் கேட்டான். சட்டம் போட்டவங்க எதிர்பார்த்ததும் அதைத்தான். ஒரு நாள் அந்தப் பயத்தை எடுத்து முப்பத்தொரு பேர் மடியில கட்டினான். அதுக்கப்புறம் ரயில் ஓடினா லாபம் அவனுக்கு. அயோவாக்காரங்க அவனுக்குத் தனியா கமிஷன் குடுத்திருக்காங்க, கட்டுல இருக்கற இன்னொரு கடிதத்துல இருக்கு. ரயில் ஓடலைன்னா நஷ்டம் சலவைக்காரிக்கு."

"இதை அப்படியே கோர்ட்ல சொல்லுங்களேன். ஒருத்தர் பாக்கியில்லாம ஜூரியே எழுந்து அவனை உதைக்கும்."

"சொல்லலாம். சொன்னா மார்ச் பதினாலு உண்மையான தேதின்னு நானே சாட்சி சொன்னதா ஆகும். மார்ச்ல பேங்க் பாறை. பாறையா இருக்கறப்ப குடுத்தது செல்லும். அவன் எப்படித் திட்டம் போட்டான்னு நான் எவ்வளவு நல்லா நிரூபிக்கறேனோ, அவ்வளவு சுத்தமா அவன் வெளியே போவான்."

மாலகி க்ரம்மின் பக்கம் திரும்பினான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

"மிஸ்டர் க்ரம், உங்களுக்கு மறதி வர்ற வயசு. வியாழக்கிழமை வரைக்கும் எதுவும் ஞாபகம் வராம இருந்தா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. கையைப் பைக்குள்ளேயே வெச்சுக்கங்க. அவ்வளவுதான். பாஸ் இங்கே வரவே இல்ல. நானும் வரல."

ஃபென்டன் அவனைத் தடுக்கவில்லை. அது அவருக்கே பின்னால் உறைத்தது. இருபது வருஷத்தில் ஒரு சாட்சியத்தையும் மறைத்ததில்லை. அந்த நிமிஷம் மறைக்கத் தயாராக இருந்தார்.

"செஞ்சிருப்பேன்," என்றார் க்ரம். "அசரையா எனக்கு முடி வெட்டிவிட்டவர். கை போனப்ப வீட்டுக்கே வந்து சவரம் பண்ணிவிட்டார், காசு வாங்கல. ஆனா சனிக்கிழமையே தார்ப்போட வக்கீல் வந்துட்டார். கூட ஒரு நீதிபதி. பிரமாணம் வாங்கி எழுதிக்கிட்டாங்க. டாக்டர்கிட்டயும் எழுதி வாங்கியாச்சாம். என் கையைக் காகிதத்து மேல வெச்சுப் பென்சிலால சுத்தி வரைஞ்சு எடுத்துட்டுப் போனாங்க."

படகுத் துறையில் தொப்பியைத் தூக்கிய கையை ஃபென்டன் நினைத்துக்கொண்டார்.

"வருஷத்துக்கு அந்த ஐம்பது டாலர்," என்று கேட்டான் மாலகி, "அதாவது வருதா?"

"இந்த வருஷத்துக்கும் சேர்த்து முன்னாடியே குடுத்துட்டார்." க்ரம் அலமாரியைக் காட்டினார். டப்பாவில் ஆல்டர்ஸ் லாக் பேங்க்கின் நோட்டுகள் கட்டாக இருந்தன. "எல்லாம் நம்ம பேங்க் நோட்டுதான். அடுப்பு பத்த வைக்க வசதியா இருக்கு."

*

அசரையாவின் வீடு கால்வாய்க்கு மேலே சரிவில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, புதுக் கூரை. சாயங்கால வெளிச்சத்தில் அந்தக் கூரைப் பலகைகள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தன. டைனா சோள ரொட்டியும் பீன்ஸும் எடுத்து வைத்தார். ஃபென்டன் தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

"காலைல நான் சொன்னது தப்பு," என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். சுருக்கவில்லை, பூசி மெழுகவில்லை. க்ரம்மின் கை வரைக்கும் வந்ததும் அசரையா தலையை ஆட்டினார். மீதியை அவரே புரிந்துகொண்டார்.

"அந்த அறுபது டாலரை வாங்காம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் கையெழுத்து வாங்கினார். லாபம் வாங்கிக்கிட்டவர் பங்கை ஒத்துக்கிட்டவர் ஆகிடறார்."

"கூரை ஒழுகிட்டு இருந்தது," என்றார் டைனா யாருக்கோ போல.

மாலகி தொண்டையைச் செருமினான். "ஒரு வழி இருக்கு. தார்ப் செஞ்சதையே நாமும் செய்வோம். இன்னைக்கே வீட்டை இவங்க பேருக்கு எழுதிடுங்க. மனைவி சொத்தைப் புருஷன் கடனுக்கு எடுக்க முடியாது. இந்த மாகாணத்துல அதுவும் சட்டம்தானே."

டைனா ஃபென்டனைப் பார்த்தார். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"நோட்டீஸ் வந்தப்புறம் எழுதினா கடன்காரனை ஏமாத்தறதுக்கு எழுதினதா ஆகும். கோர்ட் அதை ரத்து பண்ணிடும். தார்ப் செஞ்சதும் இதுவும் ஒண்ணுதான். அவர் நேரத்தோட செஞ்சார். அவ்வளவுதான் வித்தியாசம்."

"நீங்க கண்டுபிடிக்கலைன்னா?" என்றான் மாலகி.

"வேற யாராவது கண்டுபிடிப்பான். மீதி முப்பது பேர்கிட்டயும் ஒண்ணும் இல்ல. அத்தனை பேர் கண்ணும் இந்த ஒரு வீட்டு மேலதான் இருக்கும்."

அசரையா எழுந்து ஜன்னலருகே போனார். "வீடு என் பேர்லயே இருக்கட்டும்," என்றார். "மாத்த வேண்டாம். சார், கோர்ட் வியாழக்கிழமைதானே?"

"ஆமா."

"அப்ப நாளைக்கு இது என் வீடுதான்."

"தீர்ப்பு பதிவாகற வரைக்கும் உங்க வீடுதான். ஏன்?"

"நாளைக்கு எலெக்‌ஷன்."

மாலகிக்கு விளங்கவில்லை. அசரையா அவனிடம் பொறுமையாகச் சொன்னார்.

"உங்களுக்கு இந்த மாகாணத்துல ஓட்டு போட என்ன வேணும், மிஸ்டர் ரூனி?"

"என்கிட்ட ஒரு கோழிகூட இல்ல. போன தடவை போட்டேனே."

"எங்க கறுப்பு ஆளுங்களுக்கு மட்டும் இருநூத்தி ஐம்பது டாலர் பெறுமான சொத்து வேணும். சொந்தமா, கடன் இல்லாம. இந்த வீட்டுக்கு வரிக்காரர் போட்ட மதிப்பு இருநூத்தி அறுபது. பதினோரு வருஷம் சேர்த்து வாங்கினேன். குடியிருக்க இதைவிட நல்ல வாடகை வீடு கிடைச்சிருக்கும். டைனா அப்பவே சொன்னா."

"சொன்னேன்," என்றார் டைனா. "ஓட்டுன்னாரு. சரின்னுட்டேன்."

மாலகி ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டான்.

"சார், உங்க அறிக்கையை எப்ப அனுப்பணும்?" என்று கேட்டார் அசரையா.

"இன்னைக்கு ராத்திரி தபால்ல."

"அது போய்ச் சேர்ந்துட்டா, கடன் இருக்குன்னு என் ஓட்டை மறிப்பாங்க. நாளைக்கு மத்தியானம் அனுப்பினா குத்தமா?"

"தபால் வண்டியைத் தவற விட்டுட்டேன்னு எழுதிக்கறேன்," என்றார் ஃபென்டன்.

*

செவ்வாய்க்கிழமை காலை விடுதியின் முன்கூடத்தில் ஓட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். அசரையா துவைத்த வெள்ளைச் சட்டையில் வந்தார். பெட்டிக்கு அருகில் நின்ற ஒருவன் கையைத் தூக்கினான். தார்ப்பின் மாவு ஆலை மேஸ்திரி.

"ஆட்சேபணை. இந்த ஆள் பேங்க்குக்குக் கடன்பட்டிருக்கார். சொத்து சுத்தமில்லை."

அதிகாரி பைபிளை நகர்த்தினார். அசரையா கையை அதன் மேல் வைத்தார். அவசரப்படவில்லை.

"கால்வாய் மேட்டுல என் வீடு இருக்கு. இருநூத்தி அறுபது டாலர். அது மேல இந்த நிமிஷம் வரைக்கும் எந்தக் கடனும் பதிவாகல. சத்தியமா."

அதிகாரி கூட்டத்தைத் தாண்டி ஃபென்டனைப் பார்த்தார். "மிஸ்டர் ஃபென்டன், பேங்க் விவகாரம் உங்க கையில. அப்படி ஏதாவது பதிவாகியிருக்கா?"

"இல்ல," என்றார் ஃபென்டன். "பதிவாகல."

சீட்டு பெட்டிக்குள் விழுந்தது.

வெளியே வந்த அசரையா படிக்கட்டில் நின்று தொப்பியை அணிந்துகொண்டார்.

"இனிமே அனுப்பலாம் சார்," என்றார். கடை திறக்க நடந்தார்.

மாலகி உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தான். "என்னைச் சொத்தே கேட்க மாட்டாங்க பாஸ். பேரைக்கூட சரியா எழுத மாட்டாங்க." பிறகு போய் ஓட்டு போட்டுவிட்டு வந்தான். அன்று முழுக்க அவன் யாரையும் சீண்டவில்லை.

பதினோரு மணி வண்டியில் அறிக்கை போனது. வியாழக்கிழமை நீதிபதி பன்னிரண்டு நிமிஷத்தில் தீர்ப்பைப் படித்தார். பங்கு மாற்றம் செல்லும். லூசியஸ் தார்ப் தன் ஐந்து பங்குகளுக்கு ஐந்நூறு டாலரை அங்கேயே, பாஸ்டன் பேங்க் ஒன்றின் நல்ல நோட்டுகளாக எண்ணி வைத்துவிட்டு, ஃபென்டனைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்தார்.

குளிர்காலம் முழுக்க ஷெரீஃப் முப்பத்தொரு கதவுகளைத் தட்டினார். முப்பது வீடுகளில் எடுக்க எதுவும் இல்லை. தார்ப்பின் கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. ஜனவரி கடைசியில், பனி முழங்கால் அளவு கிடந்தபோது, கால்வாய் மேட்டு வீடு ஏலத்துக்கு வந்தது. யூட்டிகாவிலிருந்து ஒரு தானிய வியாபாரி ஆள் அனுப்பி இருநூற்றுப் பத்து டாலருக்கு எடுத்தார். வீட்டை அவர் பார்க்கக்கூட இல்லை.

முப்பத்தொரு பேர் கட்ட வேண்டிய ஐம்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு டாலரில் வசூலானது அது ஒன்றுதான்.